ஆவி எத்தனையில் வந்தது

மாலை ஆறே முக்கால் மணி. எண்ணெய்க் கிடங்கின் பின்வாசலிலிருந்து பணியாளர் குடியிருப்புக்குப் போகும் சாலை. ஒரு பக்கம் நெடுக இரும்புக் குழாய்கள். மறுபக்கம் பள்ளம். ஒன்றரை மைலுக்கு வீடு இல்லை, கடை இல்லை. மூன்றே மூன்று விளக்குக் கம்பங்கள்... அதில் நடுக் கம்பம் எரியாது.

இப்படித்தான் என் மாப்பிள்ளை ஆரம்பித்தார்.

அன்று இரவு மின்சாரம் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கூடத்தில் எல்லோரும் ஒருவரையொருவர் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை, என் மகள், அவள் மடியில் தூங்குவதுபோல நடித்துக்கொண்டிருந்த பேத்தி, கதவோரம் காலஞ்சென்ற என் தம்பியின் மனைவி. நடுவில் ஒரு மெழுகுவர்த்தி. நான் நாற்காலியில் இருந்தேன். நான் தரையில் உட்காருவதில்லை.

"அந்த நடுக் கம்பத்துக்குக் கீழ ஒரு பொம்பளை நிப்பா. கையில மண்ணெண்ணெய் கேன். புருஷன்காரன் அவ மேல எண்ணெய ஊத்திக் கொளுத்திட்டான். அதான் அவனைத் தேடிட்டு அலையறா. என் ஃபிரெண்டோட மச்சான் நேர்லயே பாத்திருக்கான். லாரி டிரைவர். அன்னைக்கு ஸ்டியரிங்க விட்டவன்தான், இப்போ ஜவுளிக்கடையில துணி மடிச்சிட்டிருக்கான்."

எல்லோரும் சிரித்தார்கள்.

"கொளுத்துனவன் என்ன ஆனான்?" என்று பேத்தி கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"ஜெயில்ல கிடந்தான். இப்போ பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல பஞ்சர் ஒட்டறான். வேற கடை இல்லாததால வண்டியக் குடுப்பாங்களே தவிர, நின்னு ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. நாங்க ஸ்கூல் படிக்கறப்ப அவன் முன்னாடி தீக்குச்சிய உரசிக் காட்டிட்டு ஓடுவோம்."

மறுபடி சிரிப்பு. எனக்கு நாற்காலியின் கை வழுக்கியது. உள்ளங்கை வியர்த்திருந்தது.

"மாப்பிள்ளை, கதை தப்பு" என்றேன். "அவன் கொளுத்தலை."

சாப்பாட்டுக்குப் பிறகு நான் பேசும் வழக்கம் இல்லை. எல்லோரும் திரும்பினார்கள்.

"உங்களுக்கு எப்படி மாமா தெரியும்?"

"என் சிநேகிதனோட தம்பிக்கு நடந்தது அது" என்றேன்.

சொல்ல ஆரம்பித்தேன். சொன்னதை இங்கே கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

சிநேகிதனின் தம்பி அந்தக் கிடங்கின் லேப்பில் எண்ணெய் பரிசோதிப்பவன். வேதியியல் பட்டம் வாங்கியவன். நாள் முழுக்க வெப்பமானியில் டிகிரி பார்ப்பவன். இரண்டுக்கும் சேர்த்து அங்கே அவனுக்கு 'டிகிரி' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

இதைச் சொன்னபோது கதவோரம் விசிறிக்கொண்டிருந்த அட்டையின் சத்தம் நின்றது. நான் கவனிக்காததுபோல மேலே போனேன்.

பூமிக்குள்ளிருந்து எடுக்கும் கச்சா எண்ணெய் ஒரு பொருள் இல்லை, பெரிய கூட்டம் என்பான் அவன். எல்லாமே கரியும் ஹைட்ரஜனும் கோத்த சங்கிலிகள். குட்டைச் சங்கிலி, நெட்டைச் சங்கிலி. காய்ச்சினால் குட்டையானவை முதலில் பறந்து கோபுரத்தின் மேலே போகும். அது பெட்ரோல். அதற்குக் கீழே மண்ணெண்ணெய். அப்புறம் டீசல். எதற்கும் அசையாமல் அடியில் கிடப்பது தார். ஒன்றோடு ஒன்று கலக்காமல் பிரித்து வைப்பதுதான் மொத்தத் தொழிலும். இன்னொன்றும் சொல்வான். எண்ணெய் எரிவதில்லை. எண்ணெயிலிருந்து எழும் ஆவிதான் எரிகிறது. நல்ல மண்ணெண்ணெய் சோம்பேறி. நாற்பது டிகிரிக்கு மேல் சூடேற்றினால்தான் பற்றும் அளவுக்கு ஆவி விடும். அதனால்தான் அதை நம்பி வீட்டுக்குள் வைத்தார்கள். அதில் கொஞ்சம் பெட்ரோல் கலந்துவிட்டால்... பார்வைக்கு அதே எண்ணெய்தான். ஆனால் சாதாரண அறைச் சூட்டிலேயே கண்ணுக்குத் தெரியாமல் ஆவி எழுந்து நெருப்புக்குக் காத்திருக்கும்.

அதைக் கண்டுபிடிப்பதுதான் அவன் வேலை. சின்னப் பித்தளைக் கிண்ணம். அதில் எண்ணெய். சுற்றிலும் தண்ணீர். மெதுவாகச் சூடேற்றிக் கலக்க வேண்டும். ஒவ்வொரு டிகிரிக்கும் மூடியின் சின்னக் கதவைத் திறந்து, பயறு அளவு சுடரை உள்ளே காட்ட வேண்டும். ஒன்றும் ஆகாது. மறுபடி. மறுபடி. ஒரு கட்டத்தில் எண்ணெய்க்கு மேலே ஒரு நீல நாக்கு ஓடி மறையும். 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம்... உதட்டைப் பிரிப்பதுபோல. அது எந்த டிகிரியில் வந்தது என்று ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். முழுதாக நாற்பது நிமிடம் பிடிக்கும்.

லேப்பில் இதை வைத்துத் தினமும் கேலி நடக்கும். எடைபோடுகிற ஆள் எட்டிப் பார்ப்பார்.

"டிகிரி, ஆவி வந்துச்சா?"

"வந்துச்சுண்ணே."

"எத்தனைல?"

"நாப்பத்துமூணுல."

"அப்ப உன் மாமியாரு இல்ல. அவங்களுக்கு இருபதே ஜாஸ்தி."

பதினோரு வருடம் அவன் எழுதிய எண்கள் நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று, நாற்பத்துமூன்று. ஒரு வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மண்ணெண்ணெய் ஏற்றிய ஒரு டேங்கர் லாரி வந்தது. அன்று ஆறு மணிக்கு அவனுடைய அண்ணனுக்குப் பாராட்டுக் கூட்டம். அலுவலகத்தில் முப்பது வருட சேவை. குடும்பம் முழுவதும் முதல் வரிசையில் இருக்க வேண்டும், ஆறு என்றால் ஆறு என்று அண்ணன் சொல்லியிருந்தார். அவன் கிண்ணத்தை எடுத்தான். கடிகாரத்தைப் பார்த்தான். கிண்ணத்தைத் திரும்ப வைத்துவிட்டு நாற்பத்துமூன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். விதிப்படி ஒரு சாம்பிள் பாட்டிலில் எண்ணெய் நிரப்பி, சீட்டு கட்டி, அலமாரியில் வைத்தான். ஆறு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

அந்த லாரி அதற்கு முந்தின நடை பெட்ரோல் ஏற்றியது. அடியில் தேங்கியதை யாரோ வடிக்காமல் விட்டிருந்தார்கள். அந்த எண்ணெய்தான் ஊருக்குள் விற்பனைக்குப் போனது.

திங்கட்கிழமை. ஆறே முக்கால். குழாய்ச் சாலையில் சைக்கிளில் வருகிறான். குழாய்களுக்குள் எண்ணெய் ஓடும் முனகல் மட்டும்... வேறு சத்தம் இல்லை. எரியாத அந்த நடுக் கம்பத்தின் கீழே ஒரு பெண் நின்றாள். கையில் கேன். முதலில் வாசனைதான் வந்தது. மண்ணெண்ணெயின் கனத்த நாற்றம் இல்லை. லேசான, இனிப்பான பெட்ரோல் வாசனை. அவள் கேனை நீட்டினாள்.

"சார்... ஆவி எத்தனைல வந்துச்சு?"

லேப்புக்கு வெளியே யாரும் பேசாத வார்த்தை அது. எடைபோடுகிறவர் யாரையோ ஏவி விளையாடுகிறார் என்று நினைத்தான்.

"காலைல லேப்புக்குக் கொண்டாங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான். கொஞ்ச தூரம் போன பிறகுதான் தோன்றியது. அவ்வளவு பெரிய கேனை அவள் நீட்டியபோது உள்ளே எண்ணெய் தளும்பும் சத்தமே கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தான். கம்பம் மட்டும் இருந்தது.

மறுநாள் காலையில் சேதி வந்தது. ஊருக்குள் ஒரு வீட்டில் ஸ்டவ் பற்றவைக்கும்போது ஒரு பெண் எரிந்து போனாள். முந்தின மாலை. ஆறே முக்காலுக்கு.

பேத்தி எழுந்து என் மகளின் முதுகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். மாப்பிள்ளையின் முகத்தில் சிரிப்பு இல்லை.

அன்று அவன் பரிசோதனைக்கு உட்கார்ந்தான். கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, காயவைத்து, எண்ணெய் ஊற்றுவதற்கு முன்னால் கருவி சரியாக இருக்கிறதா என்று சூடேற்றிப் பார்த்தான். காலிக் கிண்ணம். ஒரு சொட்டு இல்லை. பழக்க தோஷத்தில் கை கதவைத் திறந்து சுடரைக் காட்டியது... நீல நாக்கு ஓடியது. டப். வெப்பமானி முப்பத்தேழில் நின்றது. மறுபடி கழுவினான். மறுபடி முப்பத்தேழு. எந்த எண்ணெய்க்கும் உரிய எண் இல்லை அது. உயிரோடு இருக்கும் ஒரு உடம்பின் சூடு.

அலமாரியிலிருந்து வியாழக்கிழமை சாம்பிள் பாட்டிலை எடுத்துக் கொஞ்சம் ஊற்றினான். சூடேற்றவே இல்லை. முதல் தடவை சுடரைக் காட்டியதுமே பற்றிக்கொண்டது.

அதே வாரம் போலீஸ் வந்தது. புருஷனை ஏற்கெனவே பிடித்துப் போயிருந்தார்கள். அவனுடைய இரண்டு கையும் முழங்கை வரை வெந்திருந்தது. அணைக்கப் போன கை என்று அவன் சொன்னான். ஊற்றிய கை என்று இவர்கள் எழுதிக்கொண்டார்கள். "நான் ஒண்ணும் ஊத்தலைங்க. அவ தீக்குச்சியத்தான் உரசினா" என்றே திரும்பத் திரும்பச் சொன்னானாம். மண்ணெண்ணெய் அப்படி வெடித்துப் பிடிக்காதே என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ரிஜிஸ்டரைப் புரட்டினார்கள். நாற்பத்துமூன்று. கையெழுத்து. எண்ணெயின்மேல் குற்றம் இல்லை. அப்படியென்றால் குற்றம் யார்மேல்?

சாம்பிள் பாட்டிலைக் காலையில் வந்து எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிப் போனார்கள். அன்று மாலையும் அவள் கம்பத்தடியில் நின்றாள். அதே கேள்வி. அவன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி, நேரே அண்ணன் வீட்டுக்குப் போனான். அண்ணன் கொஞ்சம் கண்டிப்பான மனிதர். பெயருக்கும் கௌரவத்துக்கும்...

இங்கே நிறுத்தினேன். மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சிநேகிதரோட தம்பி இல்ல அத்தான்." கதவோரத்திலிருந்து குரல் வந்தது. "உங்க தம்பி."



"டிகிரின்னு அவரைத்தான் கூப்பிடுவாங்க. நான் அடுப்பப் பத்த வெக்கறப்பல்லாம் செருப்புகூடப் போடாம வாசலுக்கு ஓடிடுவாரு. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டாரு. முப்பது வருஷமா இந்த வீட்டுலதான் இருக்கேன். நீங்களும் சொன்னதில்ல. இப்பவாவது உங்க தம்பின்னு சொல்லிட்டு மேல சொல்லுங்க."

எங்கள் குடும்பத்தில் மூத்தாரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. அதட்டியிருக்க வேண்டும்.

"என் தம்பி" என்றேன். மீதியை நாற்காலியில் உட்கார்ந்து சொல்ல முடியவில்லை. எழுந்து சுவரோரம் நின்றுகொண்டு சொன்னேன்.

தம்பி அன்று பாட்டிலைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். காலையில் போலீஸிடம் நேரில் கொடுத்து நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், வேலை போனால் போகட்டும், நீங்கள் கூட வந்தால் போதும் என்றான். என் காலடியில் உட்கார்ந்துதான் சொன்னான்.

நான் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "ரிஜிஸ்டர்ல கையெழுத்து முழுப் பேரோடயா போட்டே?" என்றேன். எங்கள் அப்பாவின் பெயரும் அதில் சேர்ந்தே வரும்.

"அந்த ஆளு உள்ள இருக்கான்ணா" என்றான்.

"நம்ம பேரு வெளிய இருக்குடா" என்றேன்.

பாட்டிலை வாங்கினேன். பின்பக்கச் சாக்கடையில் கவிழ்த்தேன். எங்கள் சமையலறையில் இருந்த பழைய, நல்ல மண்ணெண்ணெயை அதில் நிரப்பினேன். சீட்டை நானே கட்டினேன். முடிச்சு அவன் போட்டதைவிட நேர்த்தியாக வந்தது. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

அரசாங்க லேப்பில் சோதித்தார்கள். நாற்பத்துமூன்று. புருஷனுக்குப் பத்து வருடம்.

தம்பி வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு, குடியிருப்பைக் காலி செய்து மனைவியோடு என் வீட்டுக்கே வந்துவிட்டான். சுற்றுவழியில் போனான். சுற்றுவழியிலும் அவள் நின்றாள். மூன்று வருடம், தினமும், அதே கேள்வி. கடைசியில் ஒருநாள் உட்கார்ந்து நீதிபதிக்கு எல்லாவற்றையும் கடிதமாக எழுதினான். ஒட்டுவதற்கு முன்னால் எனக்குப் படித்துக் காட்டினான். என்னைப்பற்றி ஒரு வரிகூட இல்லை. பாட்டிலை மாற்றியதும் தானே என்று எழுதியிருந்தான். உறை ஒட்டி என் கையில் கொடுத்தான். எங்கள் வீட்டில் தபாலெல்லாம் நான்தான் சேர்ப்பேன். அவன் அந்த ஒழுங்கை மீறவில்லை.

நான் சேர்க்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து அவள் அவனிடம் வரவில்லை. "போயிட்டாண்ணா, கேள்வி நின்னுடுச்சு" என்று குழந்தைபோலச் சொன்னான். நன்றாகத் தூங்கினான். நான் அலுவலகம் விட்டு வரும்போதெல்லாம் கேட்பான்.

"பதில் ஏதும் வந்துச்சாண்ணா?"

"கோர்ட்டு வேலைடா. மெதுவாத்தான் வரும்."

எட்டு மாதம் கழித்துத் தூக்கத்திலேயே போனான். பதில் வரும் என்று நம்பிக்கொண்டே போனான்.

மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உரசிக் காட்டிய தீக்குச்சிகளை எண்ணிக்கொண்டிருந்தாரோ என்னவோ.

"அந்தக் கடிதாசி எங்க அத்தான்?" என்றாள் தம்பி மனைவி.

என் பெட்டியின் அடியில் இருந்தது. மெழுகுவர்த்தியை எடுத்துப் போனால் கூடம் இருட்டாகிவிடும். இருட்டிலேயே தடவி எடுத்து வந்தேன். அது இருக்கும் இடம் என் கைக்குத் தெரியும். அவள் உறையைப் பிரிக்கவில்லை. கையெழுத்தை விரலால் ஒருமுறை தடவினாள்.

"மாப்பிள்ளை, காலைல அந்தப் பஞ்சர் கடைக்கு என்னைக் கூட்டிட்டுப் போங்க."

"சரிங்க சின்னத்தை" என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார். "தம்பிகிட்ட வர்றத நிறுத்திட்டாங்கன்னு சொன்னீங்களே மாமா. அப்புறம் எங்க போனாங்க?"

"என்கிட்ட வந்தா" என்றேன்.

பேத்தி அம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து முகத்தை மட்டும் நீட்டினாள். "உங்ககிட்ட என்ன கேப்பாங்க தாத்தா?"

"ஒண்ணும் கேக்க மாட்டா."

அதற்கு மேல் அன்று என்னால் சொல்ல முடியவில்லை.

காலையில் அவர்கள் கிளம்பினார்கள். நானும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசல் வரை வந்தேன். அதற்கு மேல் கால் வரவில்லை. பத்து மணிக்குத் திரும்பினார்கள்.

"படிச்சாரு" என்றாள் தம்பி மனைவி. "ரெண்டு தடவை படிச்சாரு. மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டு, அடுத்த சைக்கிளுக்குக் காத்தடிக்கப் போயிட்டாரு. அந்தக் கையால எப்படித்தான் அடிக்கிறாரோ."

என்னைப்பற்றி ஏதாவது கேட்டானா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

பேத்திக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். தம்பி கடிதம் கொடுத்த மறுநாளிலிருந்து தினமும் ஆறே முக்காலுக்கு அவள் எங்கள் தெருவில் வருகிறாள். கையில் ஒன்றும் இருப்பதில்லை. முகத்தில் ஒரு காயமும் இல்லை. தெருவில் ஒரு பெரிய மனிதர் உடை நழுவியது தெரியாமல் நின்றுகொண்டிருந்தால், நல்ல குடும்பத்துப் பெண்கள் என்ன செய்வார்கள்? பார்க்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்துபோவார்கள் அல்லவா... அப்படி, எனக்காகக் கூசிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக் கடந்துபோவாள். இருபத்தேழு வருடமாக.

அன்று மாலை நான் வாசலில் நின்றேன். கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது, இனி வரமாட்டாள் என்று ஒரு நினைப்பு. இல்லை, ஒருவேளை வந்தாலும், இன்றைக்கு நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பாள் என்று.

வந்தாள். என் முன்னால் வந்ததும் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் தெருவோடு போகவில்லை. என்னைச் சுற்றிக்கொண்டு, படியேறி, வீட்டுக்குள் போனாள்.

உள்ளே தம்பி மனைவியின் குரல் கேட்டது.

"வாங்க... உக்காருங்க" என்றாள் யாரிடமோ.

நான் உள்ளே போகவில்லை.